அண்ணியின் முக்காடும் மூத்தாரின் கண்ணும்

குளிர்காலம் வந்துவிட்டால் என் ஜீப்பில் ஏறுகிறவர்களில் பாதிப் பேர் கண் தெரியாதவர்கள்தான். நெல் அறுப்பு முடிந்து பனி மூட ஆரம்பித்ததும், எங்கள் மதுபனிப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு எல்லையைத் தாண்டி, நேபாளத்தில் இருக்கும் கண் ஆஸ்பத்திரிக்குப் போவேன். குளிரில் அறுத்தால்தான் புண் ஆறும் என்று எங்கள் ஊரில் ஒரு நம்பிக்கை. எந்த மாதம் வேண்டுமானாலும் அறுக்கலாம் என்று டாக்டர்கள் தொண்டை கிழியச் சொல்கிறார்கள், கேட்கிறவன் எவன்? பதினேழு வருஷமாக இதே பிழைப்பு. என் பெயர் பில்ட்டு. என் ஜீப்பை ஊரில் 'கண் வண்டி' என்பார்கள்.

எனக்குக் கோபம் சட்டென்று வரும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் புதன் மண்டல் அண்ணாவை இந்த வண்டியில் ஏற்ற நான் பட்ட பாட்டுக்கு எந்தப் பொறுமைசாலிக்கும் கோபம் வந்திருக்கும். நாலு வருஷம் இழுத்தடித்தார். கடைசியில் அவரை ஏற்றியது நானும் இல்லை. அவர் தம்பி மனைவி, என் அண்ணி.

அண்ணிக்கு என்ன பெயர் என்று எனக்கே அப்போது தெரியாது. எங்கள் பக்கம் மருமகளை அவள் பிறந்த ஊரைச் சொல்லித்தான் கூப்பிடுவோம். அவள் மதேப்பூர்க்காரி. மூன்று வீடு தள்ளி இருக்கும் எனக்கு அவள் அண்ணி முறை, நான் கொழுந்தன். கொழுந்தனிடம் முக்காடு வேண்டாம். வாய்க்கும் பூட்டு வேண்டாம். நான் வண்டியை நிறுத்தும்போதே ஆரம்பித்துவிடுவாள்.

"ஏ பில்ட்டு, ஒன் ஜீப்பு சத்தத்துக்குப் பயந்து எங்க கோழி முட்டையை உள்ளேயே வெச்சுக்குதாம். முட்டைக்குக் காசு யாரு தர்றது?"

"கோழிக்கு ஒன் சத்தத்துல பயம் வராதா அண்ணி?"

"எனக்கு ஏதுடா சத்தம்? நான்தான் மூட்டையா இருக்கேனே!"

மூட்டை என்று அவள் சொன்னது பொய்யில்லை. கொழுந்தனுக்கு எவ்வளவு சலுகையோ, புருஷனின் அண்ணனான மூத்தாருக்கு அவ்வளவு கெடுபிடி. கல்யாணத்தன்று மணப்பெண் தலையில் முதல் துணியைப் போட்டு முக்காடு இடுகிறவர் மூத்தார்தான். அன்று ஒரு தடவை. அதன்பிறகு சாகும்வரை அவர் அவளைத் தொடக்கூடாது, அவள் முகத்தைப் பார்க்கக்கூடாது, அவள் அவரோடு நேராகப் பேசக்கூடாது, அவர் பெயரையும் சொல்லக்கூடாது. அதனால் அண்ணிக்கு வாரத்தில் ஆறு நாள்தான். ஏழாவது நாளுக்குச் 'செவ்வாய்க்கு மறுநாள்' என்று பெயர்.

இப்படி இருக்கிற இரண்டு பேரை ஒரே வீட்டு முற்றத்தில் வைத்துப் பாருங்கள். அண்ணியின் புருஷன் பஞ்சாபுக்கு நாற்று நடப் போன இடத்தில் காய்ச்சல் கண்டு இறந்து பதினெட்டு வருஷம் ஆகிறது. புதன் அண்ணா கல்யாணமே செய்துகொள்ளவில்லை. தம்பி போன மறு வாரம் தம்பியின் கலப்பையையும் சேர்த்துப் பிடித்தார். தம்பி பெண்ணைக் கட்டிக்கொடுத்தார், தம்பி பையனைப் பத்தாவது வரை படிக்கவைத்தார். பையன் இப்போது லூதியானாவில் பனியன் கம்பெனியில் இருக்கிறான்; தீபாவளிக்குப் பணம் அனுப்புவான், மற்ற மாதம் போன் மட்டும் பண்ணுவான். முற்றத்தில் மிச்சம் இவர்கள் இரண்டு பேரும், காயடித்த ஒரு ஆட்டுக்கிடாவும்.

கிடாவுக்கு லாட்டு என்று பெயர். ஊரிலேயே அதிகம் உழைத்த ஜீவன் அதுதான் என்பேன். பிள்ளைகள் இருந்தவரை பேச்சு அவர்கள் வழியாகப் போனது. அவர்கள் போன பிறகு எல்லாம் லாட்டு வழியாக.

"லாட்டு, சோறு ஆறிப்போவுதுன்னு சொல்லு."

"லாட்டு, பருப்புல உப்பு பத்தலேன்னு சொல்லு."

"லாட்டு, நேத்து உப்பு ஜாஸ்தின்னாரு, இன்னிக்குக் கம்மின்றாரு, நாக்கை வைத்தியர்கிட்ட காட்டச் சொல்லு."

லாட்டு நடுவில் நின்று அசைபோடும்.

புதன் அண்ணா வெளியிலிருந்து வரும்போதெல்லாம் வாசலிலேயே நின்று இருமுவார். இருமல் கேட்டதும் அண்ணி முக்காட்டை முகவாய் வரை இழுத்துக்கொள்வாள். அடுப்பில் இருந்தாலும் சரி, தலையில் தண்ணீர்க் குடம் இருந்தாலும் சரி. ஒரு தடவை துணி மறைத்துப் படி தெரியாமல் குடத்தோடு விழுந்து முழங்கையை உடைத்துக்கொண்டாள். இன்னொரு தடவை முக்காட்டு முனையில் அடுப்பு நெருப்பு பற்றியது. இருபத்தேழு வருஷம் இப்படி ஓடியது.

பிறகுதான் அவர் கண்ணில் புரை விழுந்தது. முதலில் பனிமூட்டம் என்றார். சித்திரை வெயிலிலும் பனிமூட்டம் என்றார். அப்புறம் என் ஜீப்பில் மோதிக்கொண்டு, "எவண்டா எருமையை நடுத்தெருவுல கட்டினது?" என்றார். ஒரு வருஷத்தில் இரண்டு கண்ணும் வெள்ளையாகிவிட்டன. ஒருநாள் அவர் இருமாமலே உள்ளே வந்தார். அண்ணி அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள், தலையில் துணி இல்லை. பதறிப்போய் முறத்தால் முகத்தை மறைத்தாளாம். அவர் அவள் முன்னாலேயே நடந்து போய்க் கட்டிலைத் தடவி உட்கார்ந்துகொண்டார். அண்ணி முறத்தைக் கீழே வைத்தாள். மறுநாளும் அவர் இருமவில்லை. இவளும் முக்காடு போடவில்லை.

"பில்ட்டு, வெயிலு மொகத்துல படுதுடா" என்று என்னிடம் அவள் சொன்னது இன்றைக்கும் காதில் இருக்கிறது. ஐம்பது வயதை நெருங்குகிறவள், சின்னப் பெண் மாதிரி சொன்னாள். "எங்க முற்றம் இவ்ளோ பெருசுன்னு எனக்கு இத்தினி வருசமாத் தெரியாது. முற்றத்துல ஒக்காந்து அவலும் தயிரும் தின்னேன், வானத்தைப் பாத்துக்கிட்டே. ஒரு ஈ வந்து வாய்க்குள்ள போச்சு. போனாப் போவுதுன்னு விட்டுட்டேன்!"

அந்த நாலு வருஷமும் அந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் தெருவரை கேட்கும். லாட்டுவைத் திட்டுவாள், காக்கையைத் திட்டுவாள், என்னைத் திட்டுவாள்.

நான் மட்டும் புதன் அண்ணாவை விடவில்லை. "கண்ணைக் காட்டுங்கண்ணா, ஊர்ல இருக்கற குருடனை எல்லாம் நான் கூட்டிட்டுப் போறேன், பக்கத்து வீட்டுக்காரர் நீங்க தடவிக்கிட்டு நடந்தா எனக்குத்தானே அசிங்கம்" என்பேன். அவர் பிடித்துக்கொண்டது செலவை. தர்பங்காவில் எங்கேயோ தனியார் ஆஸ்பத்திரியில் ஒரு கண்ணுக்கு இருபத்தி நாலாயிரம் கேட்டார்கள் என்று யாரோ சொன்னதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

"இருபத்தி நாலாயிரமா! எருமைக் கிடேரி வாங்கலாம்டா. எருமையில பால் வரும். கண்ணுல என்ன வரும்? தண்ணிதான் வரும்."

"எல்லைக்கு அந்தப் பக்கம் மூவாயிரம்தாண்ணா."

"மூவாயிரம் என்ன மரத்துலயா காய்க்குது?"

கஞ்சப் பிசினாரி என்று அவர் முகத்துக்கு நேராகவே சொன்னேன். "ஆமாண்டா" என்று சிரித்துக்கொண்டார். எனக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது. தம்பி பிள்ளைகளுக்குக் கணக்குப் பார்க்காமல் கொட்டிய மனுஷன், தன் கண்ணுக்கு மூவாயிரம் பார்க்கிறாரே என்று.

போன குளிர்காலம், விடியற்காலையில் வைக்கோல் மூட்டிக் குளிர்காய்ந்துகொண்டிருந்த இடத்தில் எழுந்தவர், நேராகத் தணலில் காலை வைத்துவிட்டார். உள்ளங்கால் பொரிந்துபோனது. கத்தவில்லை. கட்டிலுக்குப் போய் உட்கார்ந்து காலைப் பிடித்துக்கொண்டார். அண்ணி பச்சிலை அரைத்து ஒரு ஓட்டில் வைத்து, கம்பால் அவர் பக்கம் தள்ளினாள். தொடக்கூடாதே. அவர் தடவித் தடவித் தேடி, பாதிப் பச்சிலையைக் கட்டில் காலுக்குப் பூசினார். அண்ணி அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

சாயங்காலம் என் வீட்டுக்கு வந்தாள். "லாட்டுவை வித்துக் குடுடா" என்றாள்.

"அண்ணி, யோசிச்சியா? அவருக்குக் கண்ணு வந்தா உனக்கு முக்காடு வரும்."

"தெரியாமலா வந்தேன்?"

"அப்புறம் ஈ வாய்க்குள்ள போகாது."

"போகாது" என்றாள். சிரிக்கவில்லை. "நாலு வருசம் பாத்தாச்சுல்ல. அவரு எனக்குப் பதினெட்டு வருசம் சோறு போட்டிருக்காருடா. இன்னிக்குக் கால், நாளைக்குக் கெணறு. பேசாம வித்துக் குடு. அவருகிட்ட இலவசம்னு சொல்லிடு, இல்லேன்னா வரமாட்டாரு."

லாட்டு எட்டாயிரத்து இருநூறுக்குப் போனது. வீட்டில் ஆள் இல்லாத மூன்று நாளைக்கு அதை நான் கட்டிப் பார்த்துக்கொள்கிறேன் என்று அவரிடம் அளந்துவிட்டேன். இந்த வருஷம் ஆஸ்பத்திரியில் எல்லாருக்கும் இலவசம் என்றும் அளந்தேன். புதன் அண்ணாவின் முகம் தொங்கிப்போனது. சந்தோஷப்பட வேண்டியவர் ஏன் இப்படி ஆகிறார் என்று எனக்கு விளங்கவில்லை. குளிர் ஜாஸ்தி என்றார். கால் புண் ஆறட்டும் என்றார். வடக்கே சூலம் என்றார். விலை பேசி முடித்தும் லாட்டு அப்போது இன்னும் முற்றத்து முளைக்குச்சியில்தான் கட்டியிருந்தது. அண்ணி அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு சொன்னாள்:

"லாட்டு, இவரு ஆஸ்பத்திரிக்குக் கெளம்பலேன்னா நாளையிலேர்ந்து இந்த வீட்ல அடுப்பு எரியாதுன்னு சொல்லு. எனக்கும் சேத்துத்தான்."

அவர் கட்டிலுக்கடியில் கையால் துழாவினார். அப்புறம், "லாட்டு, செருப்பு எங்கேன்னு கேளு" என்றார்.

ஆஸ்பத்திரி வாசலிலிருந்து உள்ளே வரை அண்ணி ஒரு மூங்கில் கம்பின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு முன்னால் போனாள், மறுமுனையைப் பிடித்துக்கொண்டு அவர் பின்னால் வந்தார். நர்ஸ் ஒருத்தி பார்த்துவிட்டுச் சத்தம் போட்டாள்: "ஏம்மா, மாட்டையா ஓட்டிட்டு வர்றே? கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வா!"

அண்ணி நாக்கைக் கடித்துக்கொண்டாள். "ஐயையோ, எங்க மூத்தாரு!"

"மூத்தாரா? அப்போ கம்பே இருக்கட்டும்" என்று நர்ஸ் வழிவிட்டாள்.

சீட்டுக் கொடுக்கும் இடத்தில் நோயாளி பெயர் கேட்டார்கள். அண்ணி என்னைப் பார்த்தாள். நான் வேண்டுமென்றே கூரையைப் பார்த்தேன். கொழுந்தனுக்கு இந்த உரிமைகூட இல்லையா? "செவ்வாய்க்கு மறுநாள்" என்றாள் மெதுவாக. எழுதுகிறவர் தலையைக்கூடத் தூக்காமல் 'புதன்' என்று எழுதினார். அவர் ஒரு நாளைக்கு இப்படி எத்தனை பார்க்கிறாரோ. கூட வந்தவர் பெயர் என்று கேட்டபோது "ராஜ்வதி தேவி" என்றாள். இத்தனை வருஷம் கழித்து அன்றைக்குத்தான் எனக்கு அது தெரிந்தது.

"இப்போ ஒரு கண்ணுதான். அதுக்குச் சாதா லென்ஸ் மூவாயிரம். மடிச்சு வைக்கற லென்ஸ் ஏழாயிரத்தி ஐநூறு. கீறல் சின்னது, தையல் கெடையாது, சீக்கிரம் ஆறும். எது?" என்றார் எழுதுகிறவர்.

"சாதாவே போதும் அண்ணி" என்று காதோடு சொன்னேன். "சாதா போட்டவன் எல்லாம் என் வண்டியில திரும்பி வரும்போது ரோட்டுல போற பொண்ணுங்களை எண்ணிட்டுத்தான் வர்றான்."

அண்ணி முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். "நல்லதைப் போடுங்க" என்றாள்.

மறுநாள் காலை கட்டுப் பிரிக்கும் நேரம்தான் எனக்கு எப்போதும் பிடித்த நேரம். வெயிலில் பெஞ்சுபோட்டு வரிசையாக உட்கார வைப்பார்கள். நர்ஸ் ஒவ்வொரு கட்டாகப் பிரித்துக்கொண்டே வருவாள். ஒருவர் தன் விரல்களை எண்ணுவார், ஒருத்தி தன் வளையலைப் பார்த்து அழுவாள். அண்ணி முக்காடில்லாமல் என் பக்கத்தில் நின்று எல்லாரையும் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். நர்ஸ் புதன் அண்ணாவிடம் வந்தாள். அண்ணி ஒரு தடவை நிமிர்ந்து வெயிலை முகத்தில் வாங்கிக்கொண்டாள். பிறகு துணியை முகவாய்க்குக் கீழே இழுத்துவிட்டாள். 

புதன் அண்ணா கண்ணைச் சிமிட்டிச் சிமிட்டி என்னையே பார்த்தார். "ஏண்டா பில்ட்டு, இவ்ளோ அசிங்கமாவாடா இருந்தே நீ?"

பெஞ்சு முழுக்கச் சிரித்தது. முக்காட்டுக்குள்ளிருந்தும் ஒரு சிரிப்பு வந்தது, அமுங்கிப்போய். அவர் அந்தப் பக்கம் திரும்பினார், உடனே தலையைக் குனிந்துகொண்டார். திரும்பி வரும் வழி முழுக்கத் தலை குனிந்தே இருந்தது. கண் கிடைத்த மனுஷன் மாதிரியே இல்லை. ரோட்டில் போன எதையும் அவர் எண்ணவில்லை.

வீட்டு வாசலில் இறங்கியதும், நாலு வருஷம் கழித்து, நின்று இருமினார். அண்ணி ஏற்கெனவே மூட்டையாகத்தான் இருந்தாள்.

முற்றத்தில் காலி முளையைப் பார்த்தார். "கிடாவை ஓட்டிட்டு வாடா பில்ட்டு."

"அது... மேய்ஞ்சிட்டு இருக்குண்ணா."

"எங்கே?"

எனக்குப் பொய் ஒரு தடவைதான் நன்றாக வரும், இரண்டாம் தடவை திக்கும். திக்கினேன். அவர் புதுக் கண்ணால் என்னையும் முளையையும் மாறி மாறிப் பார்த்தார். "இலவசம்னே" என்றார். அவ்வளவுதான். போய்க் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார்.

இனிமேல் சொட்டு மருந்து. இரண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் விட வேண்டும், ஒரு மாதம். அந்தச் சீசாவும் ஆஸ்பத்திரியில்தான் கிடைக்கும். தீர்ந்தால் அதற்கு வேறு நூற்றெண்பது ரூபாய், என் ஜீப்புக்கு டீசல் தனி. காலையில் வண்டி எடுக்கும் முன் நான் விட்டேன். நாளெல்லாம் வண்டி ஓட்டிய என் கையில் சாயங்காலம் சீசா நிற்காது, என் பெண்டாட்டி வந்து மருந்து விட்டாள். அவளும் தம்பி பெண்டாட்டி முறைதான், ஆனால் அவள் கூடவே நானும் நின்று அவர் இமையைப் பிடித்துக்கொள்வேன், அவள் கண்ணை மூடிக்கொண்டு குத்துமதிப்பாக விடுவாள். இடையில் பகல் முழுக்க யார் விடுவது என்று நான் கேட்கவே இல்லை. என் புத்தி அவ்வளவுதான்.

மூன்றாம் நாள் டயர் பஞ்சராகி மத்தியானமே திரும்பினேன். அங்கே எட்டிப் பார்த்தால் ஒரு கூத்து. புதன் அண்ணா கட்டிலில் மல்லாந்து, தன் இமையைத் தானே விரலால் விரித்துப் பிடித்துக்கொண்டு கிடக்கிறார். தலைமாட்டில் அண்ணி, மார்பு வரை முக்காடு, உள்ளிருந்து ஒரு கை மட்டும் சீசாவோடு வெளியே நீண்டிருக்கிறது. ஒரு சொட்டு நெற்றியில் விழுந்தது. அடுத்தது காதில். அடுத்தது வாயில். அவர் அதை விழுங்கிவிட்டு மறுபடி கண்ணை விரித்துக் காத்துக்கொண்டிருந்தார். சீசாவில் பாதி இல்லை.

எனக்கு வந்ததே கோபம்! "ரெண்டு பேருக்கும் மூளை இருக்கா? ஏழாயிரத்தி ஐநூறைக் கண்ணுல வெச்சுட்டு மருந்தைக் காதுல ஊத்தறீங்க! சீழ் புடிச்சா கண்ணு போச்சு, கிடாவும் போச்சு! அண்ணி, அந்தத் துணியைத் தூக்கி எறி!"

"கத்தாத பில்ட்டு" என்றது முக்காடு. "அவரு பாக்கறாரு."

புதன் அண்ணா எழுந்து உட்கார்ந்தார். என்னைப் பார்க்காமல் காலி முளையைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"நாலு வருசமா நான் ஏன் கண்ணு வேணாம்னேன்? சொல்லு பாப்பம்."

"கஞ்சத்தனம்."

"ஆமாண்டா, கஞ்சத்தனம்தான்." முகத்தில் வழிந்த மருந்தைத் துண்டால் துடைத்தார். "முக்காட்டுக்குள்ளேருந்து வர்ற பேச்சு, போர்வைக்குள்ளேருந்து வர்ற மாதிரி இருக்கும். இருவத்தேழு வருசம் அந்தப் பேச்சுத்தான் இந்த வீட்ல கேட்டேன். கண்ணு மங்கினப்புறம் ஒருநாள் நான் இரும மறந்துட்டு உள்ளே வந்துட்டேன். கொஞ்ச நேரத்துல லாட்டுவைத் திட்டற சத்தம் கேக்குது. தெளிவா, கணீர்னு. சிரிப்பு வேற. தலையில துணி இல்லேன்னு எனக்குப் புரிஞ்சுபோச்சு. அன்னையிலேர்ந்து வேணும்னேதான் இருமலை. கண்ணு வந்தா அந்தச் சிரிப்புப் போயிடும்ல? செலவு செலவுன்னு எதையாவது சொல்லிச் சமாளிச்சுட்டு இருந்தேன். நீ வந்து இலவசம்னுட்டே. நான் வேற எதைச் சொல்றது?"

 அண்ணி சீசாவை நிமிர்த்திப் பிடித்தாள்.

அவர் மெல்ல அவள் பக்கம் திரும்பினார். கண்ணைத் தரையில் வைத்துக்கொண்டு, நடுவில் யாரும் இல்லாமல், அவளிடமே சொன்னார். "ஏம்மா, அந்தத் துணியை அன்னிக்கு உன் தலையில போட்டவன் நான்தானே. நானே சொல்றேன், எடுத்துடு. நான் பாக்கமாட்டேன்."

சொல்லிவிட்டு மல்லாந்து படுத்தார். இரண்டு கண்ணையும் இறுக்கி மூடிக்கொண்டார்.

 அண்ணி துணியைத் தூக்கித் தலைக்குப் பின்னால் போட்டாள். முகமெல்லாம் ஈரம். அதைத் துடைக்காமல் சீசாவோடு குனிந்தாள். மூடிய கண்ணில் எப்படி விடுவது? பழக்க தோஷத்தில் திரும்பி முளையைப் பார்த்தாள். சொல்லச் சொல்வதற்கு அங்கே லாட்டு இல்லை. அவரையே பார்த்துச் சொன்னாள்.

"கண்ணைத் தொறங்க."